கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு, அப்பா அம்மா மட்டும். எட்டு கேமரா தேவையா?

#1 கும்பகோணத்தான்

நான் புனேயில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். பழைய காலத்து ஓட்டு வீடு: வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் முற்றம், பின்னால் நீளமான கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் ஒரு சந்து போகிறது.

போன மாதம் அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் கேமரா இருந்தது. வந்தவர்கள் கேமராப் படம் பதிவாகிற டிவிஆர் பெட்டியையும் சேர்த்தே கழற்றிக்கொண்டு போனார்கள். வீடு முழுக்க மிளகாய்ப் பொடி. அதிலிருந்து அம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

தீபாவளி முடிந்ததும் இரண்டு பேரும் புனே வருகிறார்கள். ஒன்றரை மாதம் வீடு பூட்டியிருக்கும். உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு எட்டு கேமரா, 8 சேனல் டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எல்லாம் 2 மெகாபிக்சல், 2.8 எம்எம் லென்ஸ். எட்டில் ஐந்து தெருவைப் பார்த்தபடி, ஒன்று ஹாலில், ஒன்று முற்றத்தில், ஒன்று கொல்லைக் கதவுக்கு மேலே. டிவிஆர் டிவி ஸ்டாண்டில் இருக்குமாம்.

இது சரியா? அல்லது வைஃபை கேமரா நான்கு வாங்கி நானே மாட்டிவிடலாமா? அப்பா 'ஒரு நாய் வளர்த்தால் போதும்' என்கிறார்.

#2 சும்மா வந்தவன்

நகையை எல்லாம் பேங்கில் அடகு வைத்துவிட்டு புனே போகச் சொல்லுங்கள். வட்டி போனாலும் நகைக்குக் காவல் பேங்க் பொறுப்பு. எங்கள் பெரியப்பா வருஷா வருஷம் காசி, ராமேஸ்வரம் கிளம்பும்போது இதைத்தான் செய்வார்.

#3 கேபிள்காரன்

மதுரையில் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐந்து தெருப்பக்கக் கேமரா. தெருவில் போகிற ஆட்டோ, மாடு, பால்காரர் எல்லாம் பதிவாகும். திருடன் முகம் பதிவாகாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பதிவிலிருந்து அடையாளம் சொல்ல வேண்டும் என்றால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது விழ வேண்டும். கேமரா வடிவமைப்புக்கான சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் இருக்கும் அளவு இது. ஏற்கெனவே தெரிந்த ஆளை 'இவன்தான்' என்று சொல்ல 125 போதும். யாரோ நடமாடுகிறார்கள் என்று மட்டும் தெரிய 25 போதும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்கே 1920 பிக்சல். அதை 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகம் கிடைக்காது. 2.8 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலம் பார்க்கும். அதில் ஏழரை மீட்டர் அகலம் எவ்வளவு தூரத்தில் வரும் தெரியுமா? மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டி. அதாவது பத்தடி. பத்தடிக்கு அப்பால் நிற்பவன் வெறும் உருவம். இதுவும் பகல் வெளிச்சத்துக்கான கணக்கு. ராத்திரியில் கேமராவின் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சத்தில் ஆள் நகர்ந்தால் கலங்கும், இன்னும் குறையும்.

கடைக்காரர்கள் எல்லாருக்கும் 2.8 மாட்டுவதற்குக் காரணம், மொபைலில் பார்க்கும்போது 'அட, வீடு முழுக்கத் தெரியுதே' என்று வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார். அதே கேமராவில் 6 எம்எம் லென்ஸ் போட்டால் 50 டிகிரிதான் தெரியும், ஆனால் முகம் இருபத்தைந்து அடி வரை கிடைக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, ரேழி. குறுகலான நடை. வாசல் வழியாக உள்ளே வருகிறவன் அதைத் தாண்டாமல் வர முடியாது. ரேழியின் உள்முனையில் ஏழெட்டு அடி உயரத்தில், வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா. பகலில் வாசல் வெளிச்சம் எதிரே அடிக்கும் என்பதால் டபிள்யூடிஆர் உள்ள மாடலாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் வருகிறவர் முகம் கருப்பாகத்தான் தெரியும். இதே மாதிரி கொல்லைக் கதவைத் தாண்டி வருகிற இடத்தில் உள்ளிருந்து ஒன்று. முற்றத்துக்கு ஒன்று. வெளியே வாசலுக்கு ஒன்று, அது யார் எப்போது வந்தார் என்று பார்க்க மட்டும். நான்கே போதும். பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டாதீர்கள். உயரத்தில் மாட்டினால் கை எட்டாது, சரிதான், ஆனால் பதிவில் உச்சந்தலையும் குல்லாவும்தான் இருக்கும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். எட்டு கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 170 ஜிபிக்கு மேல். 1 டிபி ஆறு நாள் கூடத் தாங்காது, பழையதை அழித்து மேலே எழுதிக்கொண்டே போகும். ஒன்றரை மாதம் கழித்து வந்து கதவைத் திறந்து பார்த்தால் திருட்டு நடந்த நாளின் பதிவே இருக்காது. நான்கு கேமரா, எச்.265 (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), விநாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் 2 டிபியில் ஏறக்குறைய ஆறு வாரம் நிற்கும். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க்கைத் தலையில் கட்டிவிடுவார்கள். கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க் கேட்டு வாங்குங்கள்.

டிவிஆரை டிவி ஸ்டாண்டில் வைப்பது என்பது திருடனுக்குப் பாக்கெட் கட்டி வைப்பது. பரண், பூஜை அறை அலமாரிக்கு மேல், பழைய குதிர் இருந்தால் அதற்குப் பின்னால், எங்காவது கேபிள் கண்ணில் படாமல் கொண்டுபோய் வையுங்கள். காற்று மட்டும் வர வேண்டும், சூடாகும். டிவி பக்கத்தில் ஒரு பழைய செட்டாப் பாக்ஸை வைத்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அதுதான் போனது.

#4 கும்பகோணத்தான்

ரொம்ப நன்றி அண்ணா. கரண்ட்? எங்கள் வீட்டில் ஈபி மீட்டர் திண்ணைப் பக்கம் வெளியேதான் இருக்கிறது. பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் எல்லாம் அணைந்துவிடுமே.

#5 கேபிள்காரன்

இன்வெர்ட்டர் உள்ளே இருக்கிறதல்லவா, டிவிஆரும் கேமராவுக்கு 12 வோல்ட் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் வர வேண்டும். முக்கியமாக, ஃபைபர் மோடமும் அதே லைனில். பலர் கேமராவை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுவார்கள். பதிவு ஓடும், ஆனால் உங்கள் மொபைலுக்கு எதுவும் வராது. மெயின் போனால் அறிவிப்பு வருகிற வசதியும் சில கருவிகளில் இருக்கிறது.

வைஃபை கேமரா பற்றிக் கேட்டீர்கள். வாடகை வீட்டுக்கும் ஃபிளாட்டுக்கும் ஓகே. உங்கள் வீட்டுச் சுவர் பழைய காலத்துத் தடிச்சுவர், கொல்லை வரை சிக்னல் போகாது. அதோடு மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருக்கும். கேமராவைப் பிடுங்கினால் பதிவும் கூடவே போய்விடும்.

#6 பழைய ஸ்டேஷன்

ஓய்வுபெற்ற காவல்துறைக்காரன். கேபிள்காரன் தம்பி கேமராவைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார். நான் திருடனைப் பற்றிச் சொல்கிறேன்.

பூட்டிய வீட்டை உடைக்கிறவன் ராத்திரி தற்செயலாக வருவதில்லை. பகலில் ஒருமுறை தெருவில் போயிருப்பான். பழைய இரும்பு வாங்க, போர்வை விற்க, வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று கேட்க. அவன் பார்ப்பது கேமராவை அல்ல. வாசலில் கோலம் போட்டிருக்கிறதா, பேப்பர் கேட்டுக்குள் குவிந்திருக்கிறதா, வெளிக் கேட்டில் பெரிய பூட்டு தொங்குகிறதா, சாயங்காலம் விளக்கு எரிகிறதா. தஞ்சாவூர் ஜில்லாவில் மூன்று நாள் கோலம் இல்லாத வாசல் என்றால் வீட்டில் ஆளில்லை என்று எழுதிப் போட்ட மாதிரி. பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி இரண்டு கோடு இழுக்கச் சொல்லுங்கள். பேப்பரையும் பாலையும் நிறுத்துங்கள்.

வெளியே தொங்கும் பூட்டு எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் கஷ்டம். நான் திண்டுக்கல் பக்கம் வேலை பார்த்தவன். அந்த மாங்காய்ப் பூட்டுக்கு நான் எதிரி இல்லை, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. ஆனால் திருடன் பூட்டைத் திறப்பதில்லை. கடப்பாரையால் நாதாங்கியைப் பெயர்ப்பான், அல்லது கொண்டி அடித்திருக்கும் நிலைமரத்தையே பிளப்பான். பூட்டு முழுசாகத் தரையில் கிடக்கும். முன்கதவுக்குள் பதிந்த பூட்டு போடுங்கள், வெளியே இருந்து பார்த்தால் ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று தெரியக்கூடாது.

நான் பார்த்த வரை டெல்டாவில் பழைய வீடுகளில் முன்வாசல் வழியாக வருவது குறைவு. கொல்லைப்புறச் சந்து, ஓட்டைப் பிரித்து இறங்குவது, முற்றத்துக் கம்பியை நெம்புவது, இவைதான். உங்கள் கடைக்காரர் ஐந்து கேமராவைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு ஒன்று கொடுத்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கொல்லைக் கதவுக்கு உள்ளே குறுக்குக் கட்டை இருக்கிறதா? பழைய வீடுகளில் சுவரில் குழி வைத்தே கட்டியிருப்பார்கள். கட்டையைப் பல வீடுகளில் விறகுக்குப் போட்டிருப்பார்கள்.

பீரோ சாவி. பீரோ மேல், மெத்தைக்கு அடியில், அடுத்த பீரோவுக்குள், சாமி படத்துக்குப் பின்னால். எல்லாரும் இந்த நாலு இடத்தில்தான் வைக்கிறார்கள், எல்லாத் திருடனும் இந்த நாலு இடத்தில்தான் தேடுகிறான். வெளிச்சாவி என்றால் ஷூ ரேக், பூந்தொட்டி, மீட்டர் பெட்டி. நகை பேங்க் லாக்கரில் இருக்கட்டும். லாக்கரில் திருட்டு நடந்தால் வருஷ வாடகையைப் போல 100 மடங்குவரை பேங்க் பொறுப்பு என்று ரிசர்வ் பேங்க் 2022-இல் இருந்து விதி கொண்டுவந்திருக்கிறது. அது நகை மதிப்புக்கு ஈடாகாது, ஆனாலும் வீட்டுப் பீரோவைவிட மேல்.

ஊருக்குப் போகும்முன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பூட்டிய வீடு என்று குறித்துக்கொண்டு ரோந்து போகிறவர் ஒரு பார்வை பார்ப்பார். 'போலீஸிடமே சொல்வதா' என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விமான நிலையப் படம் போட மட்டும் யாரும் தயங்குவதில்லை.

#7 சும்மா வந்தவன்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 2025 அக்டோபரில் நடந்த திருட்டில் என்ன ஆச்சு? கிரீடம் இருந்த கூடத்துக்கு வெளியே ஒரே கேமரா. அது மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. திருடர்கள் ஏணி வண்டியில் ஏறிய பால்கனி அதில் வரவே இல்லை என்று இயக்குநரே செனட்டில் சொன்னார். பாரிஸிலும் நம்ம கும்பகோணம் கடைக்காரர்தான் மாட்டியிருப்பார் போல.

#8 கொங்குத் தோட்டம்

பழைய ஸ்டேஷன் சார் சொல்வது டவுனுக்குச் சரி. எங்களுக்குத் தெருவும் கிடையாது, பக்கத்து வீட்டம்மாவும் கிடையாது. காங்கயம் பக்கம், தோட்டத்து வீடு. அடுத்த வீடு அரை கிலோமீட்டர். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025-இல் சிவகிரி பக்கத்தில் வயதான தம்பதி. இரண்டுமே நகைக்காகக் கொலை. அதற்கப்புறம் போலீஸ் வந்து எல்லாத் தோட்டத்திலும் கேமரா மாட்டச் சொன்னார்கள். மாட்டியும் இருக்கிறோம். ஆனால் கேமரா வந்தவனைப் பதிவு செய்யும், உள்ளே இருக்கிற கிழவன் கிழவியைக் காப்பாற்றுமா? எங்கள் சித்தப்பாவுக்கு எழுபது வயது, ஃபோனில் கேமராவைப் பார்க்கவே வராது.

#9 கேபிள்காரன்

ஆள் இருக்கிற தனி வீட்டுக்குக் கேமராவைவிட முதலில் சைரன். கதவுக்குக் காந்த சென்சார், திண்ணைக்கும் கொல்லைக்கும் ஆள் அசைவு சென்சார், சிம் போட்ட ஒரு பெட்டி. யாராவது காம்பவுண்டுக்குள் கால் வைத்தால் வீட்டுக்கு வெளியே சைரன் அலறும், விளக்கு எல்லாம் எரியும், ஐந்தாறு நம்பருக்கு வரிசையாக ஃபோன் போகும். கதவை உடைத்த பிறகு அலறினால் தாமதம், கதவுக்கு இருபதடி முன்னாலேயே அலற வேண்டும். படுக்கை அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அவசர பட்டன். அப்புறம் அந்தப் படுக்கை அறைக் கதவு நல்ல மரக்கதவாக, உள்தாழ்ப்பாளோடு. ஃபோனும் சார்ஜரும் அந்த அறைக்குள்ளேயே. சத்தம் கேட்டால் சித்தப்பா வெளியே வரவே கூடாது, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு 112 அடிக்க வேண்டும். நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒருவர் நம்பரை ஒருவர் பெட்டியில் போட்டு வையுங்கள். பிராட்பேண்ட் இல்லாத இடத்துக்கு 4ஜி சிம் கேமரா, சோலார் பேனலோடு வருகிறது. மழைக்காலத்தில் சார்ஜ் பத்தாது, அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

#10 பழைய ஸ்டேஷன்

கொங்குத் தம்பி, நாய் இருந்தால் இருக்கட்டும். ஆனால் நாயை முன்கூட்டியே பிஸ்கட் போட்டுப் பழக்குகிறவனும் இருக்கிறான், விஷம் வைக்கிறவனும் இருக்கிறான். நாய் திடீரென்று செத்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள், அன்றைக்கே ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். கும்பகோணத்தான், உங்கள் அப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள். ஒன்றரை மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் நாய்க்கு யார் சோறு வைப்பது?

#11 மாடிவீட்டு மல்லிகை

எல்லாரும் மாட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். மாட்டினதால் அவதிப்படுகிறவளும் ஒருத்தி பேசட்டும். நாங்கள் சென்னையில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே ஓனர். போன வருஷம் மாடிப்படியில் ஒரு கேமரா மாட்டினார், எங்கள் வாசல் கதவு அப்படியே அதில் தெரியும். துணி காயப்போடப் போனாலும், நைட்டியோடு குப்பை போடப் போனாலும் அவர் மகன் மொபைலில் வருகிறது. கேட்டால் 'பாதுகாப்புக்குத்தான்மா' என்கிறார். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் அண்ணன் வந்தாரே என்று என்னிடமே விசாரிக்கிறார். இது பாதுகாப்பா?

கும்பகோணத்தான், உங்கள் ஹால் கேமராவும் அப்படித்தான். அம்மாவிடம் கேட்டீர்களா?

#12 வக்கீல் குமாஸ்தா

சகோதரி, இது சட்டத்திலும் கேள்விதான். ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களுக்குள் வந்த வழக்கில், கூடக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. வாடகைக்காரர் விஷயம் அப்படியே அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துக் கோணத்தை மாற்றச் சொல்ல உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. குளியலறை, உடை மாற்றும் இடம் மாதிரி இடங்களில் ஒரு பெண்ணைப் பார்ப்பதோ பதிவு செய்வதோ பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த சட்டம்) 77-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். டிவிஆர்களில் பிரைவசி மாஸ்க் என்று ஒன்று இருக்கும், உங்கள் கதவு வரும் இடத்தை மட்டும் கருப்பாக்கிவிடலாம். ஓனர் மனசு வைத்தால் ஐந்து நிமிட வேலை.

கேமராப் பதிவு கோர்ட்டில் நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதுச் சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. அதன் 63-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். முதல் பகுதி கருவியை வைத்திருப்பவர் கொடுப்பது, இரண்டாம் பகுதி நிபுணர் கொடுப்பது, ஹாஷ் மதிப்போடு (பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்). பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் வாரிசு இது. அதனால் ஸ்கிரீனை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிட்டு 'ஆதாரம் இருக்கிறது' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். டிவிஆரை ஆஃப் செய்யாமல், யாரும் நோண்டாமல், போலீஸ் வந்து எடுக்கும்வரை விடுங்கள்.

புகாரை ஆன்லைனில் கொடுத்தாலும் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். இரவில் வீடு உடைத்துத் திருடியது என்றால் நியாய சன்ஹிதாவின் 331 (வீடு உடைத்தல்), 305 (வீட்டுக்குள் திருட்டு) பிரிவுகள் இருக்கின்றனவா பாருங்கள். வெறும் 303 (சாதாரணத் திருட்டு) போட்டு முடித்திருந்தால் கேளுங்கள்.

#13 வளைகுடாவாசி

மல்லிகை அக்கா சொல்வது வாடகை வீட்டுக்குச் சரி. பெற்றவர்கள் வீடு வேற. நான் தம்மாமில் இருக்கிறேன். எங்கள் ஹாலில் கேமரா இருப்பதால்தான் அம்மா வழுக்கி விழுந்தது எனக்குத் தெரிந்தது, எதிர்வீட்டுக்கு ஃபோன் போட்டேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று உள்ளூரில் இருப்பவர்களுக்குப் புரியாது.

#14 மாடிவீட்டு மல்லிகை

தம்பி, விழுந்தது தெரிந்தது நல்லதுதான். அதற்கு அம்மா சரி என்றார்களா, அல்லது நீங்கள் மாட்டிவிட்டுச் சொன்னீர்களா? எங்கள் மாமியார் வீட்டில் என் நாத்தனார் மாட்டியிருக்கிறாள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் உட்காரவே கூச்சப்படுகிறார். வேலைக்கார அம்மாவும் 'கேமரா பார்த்துப் பேசணுமா' என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார். ஆறுதல் உங்களுக்கு, அடக்கம் அவர்களுக்கா?

#15 வளைகுடாவாசி

கேட்டுத்தான் மாட்டினேன். முதலில் வேண்டாம் என்றார்கள், அப்புறம் சரி என்றார்கள். நீங்கள் எல்லாக் குடும்பமும் ஒன்று என்று நினைக்கிறீர்கள்.

#16 நெட்வொர்க் நாடோடி

சண்டையை நிறுத்திவிட்டு இதையும் பாருங்கள். ஹால் கேமராவை மகன் மட்டும்தான் பார்க்கிறான் என்று யார் சொன்னது?

மாட்ட வந்த பையன் ஆப்பில் கருவியைத் தன் ஃபோன் நம்பரில்தான் முதலில் பதிவு செய்வான், அப்புறம் உங்களுக்கு 'ஷேர்' செய்வான். அதாவது அட்மின் அவன், நீங்கள் விருந்தாளி. வேலை முடிந்ததும் கருவியை ரீசெட் செய்து உங்கள் கணக்கில் முதலில் இருந்து பதியச் சொல்லுங்கள். அதில் வேறு யார் யார் யூசராக இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாஸ்வேர்டு எழுதிய ஸ்டிக்கர் டிவிஆர் அடியில் ஒட்டியிருக்கும், கிழித்துவிடுங்கள்.

2016-இல் மிராய் என்ற வைரஸ் செய்தது இதுதான். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாத டிவிஆர், கேமராக்களை லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை ஒரு நாள் முழுக்கத் தடுமாற வைத்தது. அது தூரத்துக் கதை என்றால் 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை விவகாரம். பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் கேமராப் பதிவுகள் யூடியூபுக்கும் டெலிகிராமுக்கும் போயின.

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து கேமராவுக்கு நேர்வழி திறப்பது) எதுவும் செய்யாதீர்கள், அந்த வழியைத் தானாகவே திறந்துவிடும் யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள். கேமராவுக்குத் தனி வைஃபை பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சான்று அமைப்பு) பரிசோதனை முடிந்த மாடலா என்று கேளுங்கள். 2025 ஏப்ரல் 9-இல் இருந்து கேமரா விற்க அந்தப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது. கடைகளில் பழைய சரக்கு மலிவாகத் தள்ளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

#17 பழைய ஸ்டேஷன்

இன்னும் ஒன்று விட்டுப்போனது. டிவிஆரில் நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நாங்கள் வந்து பார்த்தால் பாதி வீட்டில் தேதி 2000 ஜனவரியில் நிற்கும், மீதிப் பாதியில் நாற்பது நிமிடம் பின்னால் ஓடும். நேரம்தான் எங்களுக்கு உயிர். திருடன் உங்கள் வீட்டில் குரங்குக் குல்லாவும் கர்ச்சீப்பும் கட்டியிருப்பான். அந்த நேரத்தை வைத்துத் தெருமுனைக் கடை, பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு என்று கேமரா கேமராவாகப் பின்னாலேயே போவோம். எங்காவது ஒரு டீக்கடையில் குல்லாவைக் கழற்றாமல் டீ குடிக்க முடியாது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து நகைக்கடையில் 2019 அக்டோபரில் சுவரில் ஓட்டை போட்டு வந்தவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். கடைக் கேமராவில் தெளிவாகப் பதிந்தது முகமூடிதான். ஆள் சிக்கியது திருவாரூரில் வண்டிச் சோதனையில். 2021 டிசம்பரில் வேலூர் நகைக்கடையில் வந்தவன் சிங்க முகமூடியோடு கேமராவில் ஸ்பிரே அடித்தான். சில நாளில் பிடித்தார்கள், நகை ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்தது. உங்கள் வீட்டுக் கேமரா மட்டும் தனியாக எதையும் செய்வதில்லை. தெருவில் நாலு பேர் வைத்திருந்தால்தான் எங்களுக்கு வழி கிடைக்கும். சென்னையில் மூன்றாம் கண் என்று தெருத்தெருவாக மாட்ட வைத்தது அதற்குத்தான்.

நகைப் பட்டியல் ஒன்றும் தயார் செய்யுங்கள். போட்டோ, எடை, பில். புது நகை என்றால் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து எண் இருக்கும், அதையும் குறியுங்கள். 'இரண்டு வடச் சங்கிலி, ஏழெட்டுப் பவுன் இருக்கும்' என்று புகார் கொடுத்தால், மீட்டுக் கொண்டுவந்து வைத்தாலும் எது உங்களுடையது என்று நிரூபிப்பது பாடு.

#18 கணக்கு மாமா

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வரி. 2021 ஏப்ரலில் இருந்து எல்லாக் கம்பெனியும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, வெள்ளம், புயல் எல்லாம் உண்டு. திருட்டு என்பது அப்படி ஒரு விபத்து நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடந்தால் மட்டும்தான். சும்மா ராத்திரி வந்து பூட்டை உடைத்தால் கிடையாது. அதற்குத் தனியாகக் கொள்ளைக் காப்பீடு சேர்க்க வேண்டும், நகைக்கு அதிலும் தனி. எத்தனை நாள் தொடர்ந்து வீடு பூட்டியிருந்தால் செல்லாது என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

#19 கும்பகோணத்தான்

எல்லாருக்கும் நன்றி. இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹால் கேமராவுக்கு அம்மா 'நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்' என்று சொல்லிவிட்டதால் அது கிடையாது. நான்கு கேமரா: ரேழி, முற்றம், கொல்லை, வாசல். வாசலுக்கு மட்டும் 2.8, ரேழிக்கும் கொல்லைக்கும் 6 எம்எம். 2 டிபி. டிவிஆர் பரணில். மிச்சமாகும் பணத்தில் கொல்லைக் கதவுக்கு இரும்புப் பட்டை, முற்றத்துக் கம்பிக்கு மேல் இன்னொரு அடுக்கு. குறுக்குக் கட்டை நிஜமாகவே இல்லை, சுவரில் குழி மட்டும் இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. நகை லாக்கருக்குப் போகிறது. கோலத்துக்கு எதிர்வீட்டு அக்கா ஒப்புக்கொண்டார். தினமும் சாயங்காலம் திண்ணை விளக்கை நான் ஃபோனிலேயே போடும்படி ஒரு ஸ்மார்ட் சுவிட்ச்.

கேபிள்காரன் அண்ணா, முற்றத்துக் கேமரா மழையில் தாங்குமா?

#20 கேபிள்காரன்

ஐபி66 அல்லது 67 (தூசி, தண்ணீர் தாங்கும் தரம்) என்று போட்டிருந்தால் கேமரா தாங்கும். கெட்டுப்போவது கனெக்டர்தான். பிஎன்சி என்கிற வீடியோ முனையும் பவர் முனையும் வெளியே தொங்காமல் ஒரு பெட்டிக்குள் போகட்டும். முற்றத்துத் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் மாட்டினால் ஓட்டுக் கூரையும் உத்தரமும் ஐஆர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படம் வெள்ளையாகிவிடும், ஒரு சாண் கீழே இறக்குங்கள். ஐஆரைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் சிலந்தியும் வரும். ராத்திரி முழுக்க 'அசைவு' என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். மனிதர்களை மட்டும் பிரித்துச் சொல்லும் வசதி இருக்கிற மாடலாக வாங்கி அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் நாலாம் நாள் எரிச்சலில் அறிவிப்பையே அணைத்துவிடுவீர்கள். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு ராத்திரி நீங்களே கொல்லை வழியாக நடந்து வந்து, பதிவில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்காரருக்கு மீதிப் பணம் கொடுங்கள்.

#21 பழைய ஸ்டேஷன்

உங்கள் தெரு கிழக்கு ஸ்டேஷன் எல்லையா, மேற்கா? கொல்லைப்புறச் சந்து சில இடங்களில் இன்னொரு ஸ்டேஷன் எல்லைக்குப் போய்விடும். எழுதிக் கொடுக்கும்போது சந்தின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

#22 கும்பகோணத்தான்

மேற்கு சார். சந்துக்குப் பெயரே கிடையாது, 'நடராஜர் கொல்லைச் சந்து' என்றுதான் அப்பா சொல்வார். அப்படியே எழுதச் சொல்கிறேன்.